சுண்ணப்பாறை ஆறுகளும் சால்மன் மீனும்

இங்கிலாந்தின் தென்பகுதியிலுள்ள ஹாம்ப்ஷயரில் டெஸ்ட், இட்சென் என இரு ஆறுகள் ஓடுகின்றன. இவை சுண்ணப்பாறை ஆறுகள் எனப்படும். இவ்வகை ஆறுகள் உலகில் 200-க்குச் சற்று மேற்பட்டனவே உள. அவற்றுள் பெரும்பாலானவை இங்கிலாந்திலேயே அமைந்துள்ளன. கரும்பலகையில் எழுதும் சாக்குக்கட்டியைப் போன்ற வெண்மையான பாறை மழைநீரை உறிஞ்சி, மாதக்கணக்கில் தன்னுள் தேக்கி, வடிகட்டி, ஊற்றாக வெளியிடுகின்றது. எனவே அந்த ஊற்றுநீர் கோடையிலும் குளிர்காலத்திலும் ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் அளவிலேயே இருக்கும். அடியிலுள்ள கூழாங்கற்களை எண்ணிவிடலாம் போன்ற தெளிவும் உடையது.

பழுப்பு டிரவுட், கிரேலிங் முதலிய மீன்கள் இங்கு வாழ்கின்றன. புல்ஹெட் என்னும் சிறுமீனின் இயல்பு வியக்கத்தக்கது. கல்லின் அடியில் இடப்பட்ட முட்டைகளைக் குஞ்சு பொரியும்வரை ஆண்மீனே காவல் காக்கின்றது.

ஆயினும் இன்று பெருங்கவலைக்குரியது சால்மன் மீனே. குளிர்காலத்தில் பெண்மீன் தன் வாலால் சரளைக்கற்களைத் தோண்டி முட்டையிட்டு மூடிவிடும். குஞ்சுகளுள் பெரும்பாலானவை ஓராண்டு வளர்ந்தபின் கடலுக்குச் சென்று, பின்னர் பிறந்த ஆற்றுக்கே திரும்புகின்றன. இவ்வாற்றுச் சால்மன்கள் மரபணுவில் ஏனைய சால்மன்களினின்றும் வேறுபட்டவை என ஆய்வாளர் கண்டுள்ளனர். இவை அழிந்தால், பிற ஆற்று மீன்களைக் கொணர்ந்து விட்டு அக்குறையை நிரப்புதல் இயலாது. 2023-ஆம் ஆண்டு டிசம்பரில், பிரிட்டனின் சால்மன் அழியும் அபாயத்திலுள்ள இனமாகச் செம்பட்டியலில் அறிவிக்கப்பட்டது.

காரணங்கள் பல, கடலிலும் சில உண்டு. ஆற்றில் நிகழ்வதை மட்டும் நோக்குவோம். வயல்களிலிருந்து அடித்துவரப்படும் நுண்ணிய வண்டல் சரளைக்கற்களின் இடைவெளிகளை அடைத்துவிடுகிறது. அதனால் பிராணவாயு கிட்டாமல் முட்டைகள் உள்ளேயே மடிகின்றன. இத்துடன், குடிநீருக்காக ஆற்றிலிருந்தும் நிலத்தடியிலிருந்தும் நீர் மிகுதியாக எடுக்கப்படும்போது ஓட்டம் தளர்ந்து வண்டல் மேலும் படிகின்றது.

தூண்டிலில் சிக்கிய சால்மனை மீண்டும் ஆற்றில் விடுவதை அங்குள்ளோர் பாதுகாப்பு முறையாகக் கைக்கொள்கின்றனர். கொல்லாமல் விடுவது நன்றே. எனினும் பொழுதுபோக்கிற்காக வாயில் முள் தைப்பதைப் பாதுகாப்பு என்று கூற நம் மனம் ஒப்பவில்லை.

நீரளவைக் குறைப்பதே அடிப்படையான பணி. 2018-இல் டெஸ்ட், இட்சென் ஆறுகள் குறித்துப் பொது விசாரணை நடைபெற்றது; அடுத்த ஆண்டே நீர் எடுக்கும் உரிமங்களில் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. ஈடாக ஹேவன்ட் நகருக்கு அருகில் புதிய நீர்த்தேக்கம் ஒன்று கட்டப்பட்டு வருகின்றது. அது நிறைவுறும்வரை, கடும் வறட்சி நேரின் சிறப்பு அனுமதி பெற்று இவ்வாறுகளிலிருந்து கூடுதல் நீர் எடுக்க இன்னும் இடமுண்டு.