கொளுத்திப் பாராத வெடியும் திறந்து பாராத புட்டியும்

சிவகாசிச் சரவெடி நன்றாய் வெடிக்குமா என்றறிய வழி ஒன்றே: திரியில் நெருப்பு வைத்துப் பார்த்தல் வேண்டும். பார்த்தபின் அது விற்பனைக்கு உதவாது. ஆகவே தீபாவளிக்கு நாம் வாங்குவனவெல்லாம் கொளுத்திப் பாராத வெடிகளே. கண்ணில் இடும் சொட்டு மருந்தின் நிலையும் இத்தகையதே. புட்டியைத் திறவாமல் உள்ளே கிருமி உண்டா என்றறிதல் அரிது. திறந்த புட்டியையோ நோயாளிக்குக் கொடுத்தலாகாது.

ஆதலின் மருந்து நூல்கள் மாதிரிப் பரீட்சையை விதித்துள்ளன. கண்மருந்தாயின், பெருந்தொகுதி ஒன்றிலிருந்து 10 புட்டிகள் எடுத்தாற் போதும். அம்மருந்தை நுண்துளைச் சவ்வில் வடித்து, அச்சவ்வை இருவகை ஊட்டக் குழம்புகளில் இட்டு, 14 நாள் இளஞ்சூட்டில் வைப்பர். குழம்பு கலங்கிக் கிருமி வளர்ந்தமை தெரிந்தால் தொகுதி தேறாது. தெளிந்தே இருந்தாலோ?

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10,000 புட்டிகளில் 100 கெட்டவை என்க. எடுத்த ஒரு புட்டி நல்லதாய் அமையும் வாய்ப்பு 0.99. பத்தும் நல்லவையாய் அமைவதற்கு, 0.99ஐப் பத்து முறை தன்னோடு பெருக்கினால் 0.904 வரும். பத்துத் தடவையில் ஒன்பது தடவை இத்தொகுதி தேறிவிடும்! கணித வகுப்பில் இத்தகையதை வெறும் பயிற்சியென்று எண்ணி நாம் கடந்து போனதுண்டு.

2023ஆம் ஆண்டில் இக்கணக்கை நினைப்பூட்டும் நிகழ்ச்சியொன்று நேர்ந்தது. சென்னைக்குத் தெற்கே குளோபல் பார்மா நிறுவனம் செய்து அமெரிக்காவுக்கு அனுப்பிய செயற்கைக் கண்ணீர் மருந்தோடு ஒரு நோய்ப்பரவல் தொடர்புபடுத்தப்பட்டது. 18 மாகாணங்களில் 81 பேரிடம் சூடோமோனாஸ் ஏருஜினோசா என்னும் கிருமி காணப்பட்டது. 14 பேர் பார்வை இழந்தனர்; நால்வர்க்குக் கண்ணையே எடுக்க நேர்ந்தது; நால்வர் இறந்தனர். பல மருந்துகளுக்கும் அடங்காத அவ்வினம் அந்நாட்டில் அதற்குமுன் அறியப்படாதது. நோயாளிகள் பயன்படுத்திய புட்டிகளில் அது இருந்தது. ஒரு புட்டி மட்டுமாயின் கைபட்டுக் கெட்டதென்னலாம். வெவ்வேறு மாகாணத்துப் புட்டிகளில் அதே அரிய இனம் இருந்ததற்கு அவ்விடை போதாது. தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளோ, தாம் எடுத்த மாதிரிகளில் கிருமி இல்லையென்று தெரிவித்தனர். இவ்விரண்டும் ஒருங்கே மெய்யாயிருத்தல் கூடுமென்பதை மேற்கண்ட கணக்கே காட்டும்.

அமெரிக்க மருந்து நிர்வாகம் கூறிய குறைகளோ வேறிடத்தன: கிருமிப் பரீட்சை போதாமை, பன்முறை திறக்கும் புட்டியில் தக்க கிருமித் தடைப்பொருள் இல்லாமை.

ஆகவே காவல் செய்முறையில் இருத்தல் வேண்டும். மருந்தை 0.22 மைக்ரான் துளையுள்ள வடிகட்டியிற் செலுத்துவர். மருந்துக்குப் பதிலாக ஊட்டக் குழம்பையே ஆயிரக்கணக்கான புட்டிகளில் நிரப்பி, ஏதேனும் முளைக்கிறதா என்று 14 நாள் காத்திருப்பதும் உண்டு. நிரப்பும் அறையில் வேலை செய்பவர் வெளிவருமுன் தம் கையுறை விரல்களைக் கூழ்த்தட்டில் ஒற்றிச் செல்வர். அத்தட்டிற் கிருமி முளைத்தால், அன்றைய மாதிரிப் புட்டிகள் பத்தும் தெளிந்திருப்பினும், அத்தொகுதியை ஐயத்தோடே நோக்குவர்.