பூகோளப் பாடம்: நம்மூர்க் காற்றை நாமே அளந்தறிவோம்

பூகோளம் என்றால் நதிகளின் பெயரையும் தலைநகரங்களின் பெயரையும் மனனம் செய்யும் பாடம் என்றே நம்மில் பலர் இன்னும் எண்ணியிருக்கிறோம். உண்மையில் அது கண்ணால் கண்டு, காலால் நடந்து கற்கவேண்டிய கல்வியாகும். இடைநிலைப்பள்ளிகளில் பிள்ளைகளுக்குக் கள ஆய்வு இடப்படுவது இதன் பொருட்டே. ஆனால், முந்தைய ஆண்டுப் பிள்ளையின் ஏட்டைப் பார்த்தெழுதி, அளக்காத எண்களை இட்டு நிரப்பி ஒப்படைக்கும் வழக்கமும் கூடவே வளர்ந்துவிட்டது. ஆகவே, பாலிங் வட்டாரத்து மாணவ மாணவியர் தம் ஊர்க் காற்றை எவ்வாறு மெய்யாக ஆராயலாம் என்பதை இங்கே பாடமாக எழுத முற்பட்டோம்.

முதலில் ஒரு பழஞ்செய்தி. மருத்துவ மேதை அபூபக்ர் அர்ராஸீ, பாக்தாதில் ஆஸ்பத்திரிக்கு இடம் தேடியபோது, நகரின் பல பகுதிகளிலும் இறைச்சித் துண்டுகளைத் தொங்கவிடச் செய்து, எங்கே அது தாமதமாகக் கெட்டதோ அவ்விடத்தைத் தேர்ந்தார் என்பர். 13ஆம் நூற்றாண்டில் மருத்துவர்களின் சரித்திரம் எழுதிய இப்னு அபீ உஸைபிஆ இதைக் குறித்திருக்கிறார். அந்த ஆஸ்பத்திரி எழுந்தது 982ஐ ஒட்டி. ராஸீ மறைந்ததோ 925ஐ ஒட்டி. ஆதலால் செய்தி அப்படியே நடந்ததென்று கொள்வதற்கில்லை. எனினும் அதிலுள்ள முறை பொன்னானது. ஒரே பொருள், ஒரே காலம், வெவ்வேறு இடங்கள், பிறகு ஒப்புநோக்கு. நம் பிள்ளைகளின் ஆய்வுக்கும் இதுவே அஸ்திவாரம்.

இதைப் பாலிங்கில் செய்வானேன்? நம் நாட்டில் சுற்றுச்சூழல் துறை நிலையங்களை அமைத்துக் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டெண்ணை வெளியிடுகிறது. 50 வரை நலம். 100 வரை நடுத்தரம். 200 வரை சுகாதாரக் கேடு. 300 வரை மிகுந்த கேடு. அதற்கு மேல் ஆபத்து. கெடா மாநிலத்துக்கு அலோர் ஸ்டார், சுங்கைப் பட்டாணி, கூலிம், லங்காவி ஆகிய ஊர்களின் எண்களே வருகின்றன. 1997, 2015, 2019 ஆகிய ஆண்டுகளில் நேர்ந்தாற்போல் அயல்நாட்டுத் தீயின் புகைமூட்டம் வட்டாரமெங்கும் கவியும்போது, சுங்கைப் பட்டாணியின் எண் நமக்கும் ஓரளவு குறிப்புத் தரும். ஆனால் நம் லயத்தின் பின்னால் எரியும் குப்பையையோ, பேருந்து நிலையத்தில் இயந்திரத்தை நிறுத்தாமல் நிற்கும் வண்டியையோ அங்குள்ள கருவி அறியுமா? அதை நாமேதான் பார்த்தாகவேண்டும். மேலும், பாலிங் சுண்ணாம்புக்கல் மலையும் குன்றுகளும் சூழ்ந்த ஊர். காற்றசையாத விடியற்காலையில் குளிர்ந்த காற்று பள்ளத்தில் தங்க, மேலே வெப்பக்காற்று மூடிபோல் நிற்கும்போது, அடியில் எழும் புகை எளிதில் கலையாது.

இனி வேலைக்கு வருவோம். பத்து சென்டிமீட்டர் சதுர வெள்ளை அட்டைகள், வாசலின், பூதக்கண்ணாடி, ஒரு நாடாத் துண்டு, குறிப்பேடு ஆகியன போதும். முதலில் ஒரு வினாவை எழுதிக்கொள்க: “பெருஞ்சாலைச் சந்தியில் படியும் தூசி, ரப்பர்த் தோட்டத்து லயத்தில் படிவதைவிட அதிகமா?” பிறகு ஊரின் படம் வரைந்து, சாலை, பேருந்து நிலையம், பள்ளி வாயில், தோட்டம், ஆற்றங்கரை என நான்கைந்து இடங்களைக் குறிக்கவேண்டும்.

ஒவ்வோர் இடத்திலும் வாசலின் பூசிய மூன்று அட்டைகளை, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில், ஒரே நேரத்தில் கட்டி, 24 மணி நேரம் விடுக. இன்னோர் அட்டையையும் பூசி, மூடிய பெட்டிக்குள் வைக்கவேண்டும். அதில் புள்ளி தெரிந்தால் அது நம் கையால் ஒட்டியது; அந்த அளவை மற்றவற்றிலிருந்து கழித்துவிடலாம். ஒவ்வோர் அட்டையிலும் ஐந்து சதுர சென்டிமீட்டர்களை எண்ணிச் சராசரி காண்க. காலை, நண்பகல், மாலை மூவேளையும் பதினைந்து நிமிடம் வண்டிகளை எண்ணுக. நாடா பறக்கும் திசையையும் எழுதுக. மழை பெய்தால் அன்றைய அட்டை செல்லாது. மூன்று நாளாவது திரும்பச் செய்யாமல் முடிவு சொல்லலாகாது. குறியீட்டெண் 100ஐத் தாண்டிய நாளில் பிள்ளைகளை வெளியே அனுப்பவும் கூடாது.

இம்முறையின் எல்லையையும் அறியவேண்டும். அட்டையில் நாம் காண்பது பெருந்தூசியே. நெஞ்சின் ஆழம்வரை புகக்கூடியது பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள். அது தலைமயிரின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. பூதக்கண்ணாடிக்கு அது புலப்படாது. ஆகையால் அட்டை வெளுப்பாக இருந்தால் காற்று தூய்மையென்று துணிவதும், அட்டைக் கணக்கைக் குறியீட்டெண்ணோடு ஒன்றாக்குவதும் பிழையாகும்.

“பிள்ளைகள் எண்ணுவதற்கு யார் மதிப்புத் தருவார்?” என்று கேட்கலாம். பிரிட்டனில் 1971இல் ஏறத்தாழ 15,000 பள்ளிப்பிள்ளைகள், மரப்பட்டையிலும் சுவரிலும் படரும் லைக்கன் என்ற உயிரினத்தைத் தேடிக் குறித்து, அந்நாட்டுக் காற்றின் நிலைக்குப் படம் வரைய உதவினர். தமிழ்நாட்டில் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை அடுத்த கிராமத்தார், நாற்றம் வந்த நாளையும் நேரத்தையும் ஏட்டில் எழுதி, வாளிக்குள் பை வைத்த எளிய கருவியில் காற்றைப் பிடித்து, 2004ஆம் ஆண்டளவில் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினர். படிப்பறிவு குறைந்தோரும் அதில் இருந்தனர். வெறும் கூக்குரலாக இருந்தது, அதன்பின் சாட்சியமாயிற்று.

சாட்சியம் என்றதும் நம் மார்க்கக் கடமை முன்வந்து நிற்கிறது. அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்வோரைக் கண்டிக்கவே திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயம், அல்முதஃப்பிஃபீன், இருக்கிறது. கடையில் அரிசி நிறுப்பவனுக்கு மட்டுமா அந்த எச்சரிக்கை? அட்டையில் பதினொரு புள்ளி கண்டு, ஆசிரியர் மெச்சுவாரென்று முப்பது என எழுதும் பிள்ளையும் நிறுவையில் மோசம் செய்பவனே. நாம் எதிர்பார்த்ததற்கு மாறாகச் சாலையைவிட லயத்தில் தூசி மிகுந்திருந்தால், அதையே எழுதவேண்டும். காற்றின் திசையைப் பாராமல் “இன்னாருடைய புகைக்கூடே காரணம்” என்று அண்டைவீட்டார்மேல் பழி போடுவதும் பொய்ச்சாட்சிக்கு நெருங்கியதே.

அப்படி உண்மையாக எழுதினால், குற்றம் பெரும்பாலும் வெளியாரிடம் மட்டும் இராது. மாலை நேரத்தில் சருகையும் பிளாஸ்டிக்கையும் கூட்டிக் கொளுத்துவது நம் வீடுகளிலும் நடப்பதுதானே? 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் திறந்தவெளி எரிப்பைத் தடுக்கிறது. சட்டம் ஒருபுறமிருக்க, வேலிக்கு அப்பால் நெஞ்சிழுப்பால் தூங்காத குழந்தை ஒன்று இருக்கலாம். பாதையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவதை ஈமானின் கிளையெனப் போதித்தவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். அண்டைவீட்டாரின் மூச்சில் நாம் இடையூற்றைப் போடலாமா?

ஆகவே பெற்றோரே! உங்கள் பிள்ளை அட்டையைக் கட்டக் கயிறு கேட்டால் கொடுங்கள். கணக்கை மட்டும் நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். மாணவ மணிகளே! ஆய்வேட்டை ஆசிரியரிடம் ஒப்படைத்ததோடு நில்லாமல், வீட்டாருக்கும் ஜமாஅத்தாருக்கும் படித்துக் காட்டுங்கள். குறைந்த மதிப்பெண் பெற்றாலும் மெய்யான ஏடே ஊருக்கு உதவும். வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், கண்டதைக் கண்டவாறு சொல்லும் நேர்மையையும் அருள்வானாக! ஆமீன்.