நெறி கட்டினால் நாள் கடத்தாதீர்கள்

வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் நிலத்தில், எட்டு வருடம் ஆட்டுப்பட்டி காத்தவன் மணி. நாட்டு நாய். ராத்திரி கிளுவை வேலியோரம் சருகு அசைந்தாலும் எழுந்து நின்றுவிடுவான். ஒரு மாசி மாதச் சாயங்காலம், சோறு வைத்துவிட்டு அவன் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்த என் மனைவி கூப்பிட்டாள்.

"ஏனுங்க, இங்க வந்து பாருங்க. மணிக்குத் தாடைக்குக் கீழ ரெண்டு பக்கமும் நெறி கட்டியிருக்குதுங்க."

எலுமிச்சங்காய் அளவில் இரண்டு கட்டிகள். அமுக்கினாலும் முனகவில்லை. தீனி தின்றான், வாலாட்டினான். வலி இல்லையே என்று நானும் விட்டுவிட்டேன். அதுதான் நான் செய்த முதல் தவறு. நிணநீர்ப் புற்றுநோயான லிம்ஃபோமாவில் நெறி பெரும்பாலும் வலிக்காது. ஆரம்பத்தில் நாயும் நன்றாகவே இருக்கும். வலியில்லாமல் இரண்டு பக்கமும் கட்டினால், அதையே காரணமாக வைத்து உடனே காட்ட வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து உள்ளூரில் காட்டினோம். உண்ணிக் காய்ச்சலாக இருக்கும் என்று ஊசி போட்டு மாத்திரை கொடுத்தார்கள். மூன்று நாளில் கட்டி பாதியாக வற்றியது. தேறிவிட்டான் என்று நிம்மதியானோம். ஒரு மாதத்தில் முன்னைவிடப் பெரிதாகக் கட்டியது. தாடையில் மட்டுமல்ல, முன்னங்கால் சப்பைக்கு முன்னாலும், பின்னங்கால் முட்டிக்குப் பின்னாலும்.

கரூர் வழியாக நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். மருத்துவர் முதலில் கேட்ட கேள்வி: "ஸ்டீராய்டு ஏதாவது போட்டீங்களா?" சீட்டை நீட்டினேன். பிரெட்னிசலோன் என்று எழுதியிருந்தது.

அவர் பொறுமையாக விளக்கினார். ஸ்டீராய்டு லிம்ஃபோமா செல்களைக் கொஞ்ச நாளைக்கு அடக்கும். நெறி வற்றும், நோய் போகாது. அந்தச் சமயத்தில் பரிசோதித்தால் முடிவு தெளிவாக வராது. பிறகு கீமோ கொடுத்தாலும் நோய் மருந்துக்குக் கட்டுப்படாமல் போகக்கூடும். அதனால், நெறி கட்டிய நாய்க்கு நோயின் பெயர் தெரியும் முன் ஸ்டீராய்டு போட வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். "இந்த ஊசியில ஸ்டீராய்டு இருக்குதுங்களா?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

"உண்ணிக் காய்ச்சல்லயும் நெறி கட்டுமில்லீங்களா சார்?" என்றேன். கட்டும். உண்ணி கடித்து வரும் எர்லிக்கியா, பபீசியா இரண்டும் நம் பக்கத்தில் சாதாரணம். காய்ச்சல், தட்டணுக் குறைவு, நெறி எல்லாம் அதிலும் உண்டு. ஒரே நாய்க்கு இரண்டு நோயும் சேர்ந்தும் வரலாம். எனவே ரத்தத்தில் உண்ணிக் காய்ச்சல் தெரிந்தாலும், மருந்து கொடுத்தபின் நெறி வற்றாவிட்டால் விசாரணையை அங்கே நிறுத்தக் கூடாது.

தீர்ப்புச் சொன்னது மெல்லிய ஊசி. மயக்க மருந்து தேவைப்படவில்லை. சில நிமிட வேலைதான். தாடை நெறியை விட்டுவிட்டு, சப்பை நெறியிலும் முட்டிக்குப் பின்னாலிருந்த நெறியிலும் ஊசியால் செல்களை எடுத்தார். பல், ஈறு கெட்டிருந்தாலே தாடை நெறி வீங்கும். எச்சில் சுரப்பியும் பக்கத்திலேயே இருக்கிறது என்றார். கண்ணாடித் துண்டில் தடவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் காட்டினார். எனக்குப் பட்டிதான் நினைவுக்கு வந்தது. தாயாடு, கிடாய், குட்டி கலந்து நின்றால் அது இயல்பான மந்தை. கிருமியை எதிர்த்து வீங்கிய நெறியிலும் அப்படிப் பலவகைச் செல்கள் கலந்திருக்கும். மணியின் நெறியிலோ ஒரே சாயலில், பெரிது பெரிதாக, முதிராத செல்களே நிறைந்திருந்தன.

ஊசியில் தெளிவு கிடைக்காவிட்டால் நெறியை வெட்டியெடுத்து பயாப்ஸி செய்வார்கள். லிம்ஃபோமா பி வகையா, டி வகையா என்று பார்க்கத் தனிப் பரிசோதனை உண்டு. பி வகைதான் அதிகம், பொதுவாக மருந்துக்கும் நன்றாகக் கட்டுப்படும். ரத்தத்தில் கால்சியமும் பார்க்கச் சொல்லுங்கள். நாய் வழக்கத்துக்கு மேல் தண்ணீர் குடித்து, அடிக்கடி சிறுநீர் கழித்தால் கால்சியம் ஏறியிருக்கலாம். டி வகையில் அது கூடுதலாக வரும். மார்பு எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன் இரண்டும் நோய் எதுவரை போயிருக்கிறது என்று காட்டும்.

வைத்தியம் பற்றி மருத்துவர் ஒளிக்காமல் சொன்னார். மருந்தே இல்லாவிட்டால் பெரும்பாலும் 4 முதல் 6 வாரம். பிரெட்னிசலோன் மட்டும் கொடுத்தால் ஓரிரு மாதம். வின்கிரிஸ்டின் உள்ளிட்ட கூட்டுக் கீமோ கொடுத்தால் பெரும்பாலான நாய்களுக்கு நெறி வற்றி, சராசரியாக ஒரு வருடம் வரை நல்லபடியாக இருக்கும். முழுக் குணம் அரிது. வின்கிரிஸ்டின் நம் மருத்துவர்களுக்குப் புதிதல்ல. தெருநாய்களின் பிறப்புறுப்பில் வரும் கட்டிக்கு அதைத்தான் போடுகிறார்கள்.

மணிக்கு அதற்குள் தீனி குறைந்து, மூச்சும் வாங்கத் தொடங்கியிருந்தது. கீமோவுக்குப் போகாமல், மாத்திரையோடு வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டோம். ஏழு வாரம் இருந்தான். கடைசி நாள்வரை சாயங்காலம் பட்டிப் படலருகே போய்ப் படுத்துக்கொள்வான். பட்டியை ஒட்டிய வெள்வேல மரத்தடியில் அடக்கம் செய்தோம்.

அடுத்த ஐப்பசியில் பங்காளி வீட்டு நாய்க்கு இதேபோல் நெறி கட்டியது. அவர்களுக்குப் பயம், மணியைப் பார்த்தவர்கள். "ஸ்டீராய்டு வேண்டாம், முதல்ல ஊசிப் பரிசோதனை" என்று நானே கூடப் போனேன். செல்கள் கலந்துதான் இருந்தன, ரத்தத்தில் எர்லிக்கியா. டாக்சிசைக்ளின் 28 நாள் விடாமல் கொடுத்தார்கள். நெறி வற்றியது; நாய் இன்றும் காடு சுற்றுகிறது. தடவிப் பார்த்தபோது இரண்டு நாய்க்கும் ஒரே கட்டிதான்.

இப்போது ஞாயிறுதோறும் எங்கள் நாய்களுக்கு உண்ணி பிடுங்கும்போது தாடைக்குக் கீழே, சப்பைக்கு முன்னால், முட்டிக்குப் பின்னால் மூன்று இடத்தையும் இரு பக்கமும் தடவிப் பார்க்கிறோம். நல்லாயிருக்கும்போதே தொட்டுப் பழகினால்தான் மாறியது கைக்குத் தெரியும். முதலில் தடவுகிறவள் என் மனைவிதான்.