அம்பாசிடர் எஞ்சினை இறக்கி ஏற்றுவது எப்படி?

பழைய அம்பாசிடரில் இருக்கும் 1489 சிசி பெட்ரோல் எஞ்சின், பிரிட்டனின் பி.எம்.சி. நிறுவனம் வடிவமைத்த பி வரிசையைச் சேர்ந்தது. உத்தரபாரா ஆலையில் 2014-இல் அம்பாசிடர் உற்பத்தியே நின்றுவிட்டாலும், இந்த எஞ்சினோடு வண்டியைப் பேணி வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இதை இறக்குவது பெரிய வேலையல்ல. ஏற்றும்போதுதான் நாள் இழுக்கும். பெரும்பாலும் இறக்கியபோது காட்டிய அவசரம்தான் அதற்குக் காரணம். மாட்டுவதை மனதில் வைத்துக்கொண்டே கழற்றுங்கள்.

முதலில் கருவி. இந்த எஞ்சினின் போல்ட்டுகள் அங்குல அளவிலானவை. அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ. அதில் 13 மி.மீ. ஸ்பேனரைப் போட்டால் பொருந்தியது போலத்தான் இருக்கும். துருப்பிடித்த போல்ட்டில் அழுத்தியதும் முனை மழுங்கிவிடும். அங்குல ரிங் ஸ்பேனர் செட் ஒன்று வாங்கிவிடுங்கள். சைலன்சர் குழாய் மேனிஃபோல்டோடு சேரும் இடத்து நட்டுகளுக்கு முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊற விடுங்கள். அங்கே ஒரு ஸ்டட் ஒடிந்தால் அதை எடுக்கவே ஒரு நாள் போய்விடும்.

பேட்டரியைக் கழற்றும் முன், எந்த முனை பாடியோடு இணைந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். டைனமோ காலத்து வண்டிகளில் பாசிட்டிவ் முனை பாடியில் இருப்பதுண்டு. திருப்பி மாட்டினால் மின்சாமான்கள் கெடும். பானெட்டின் கீல்களைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுவிட்டு, இரண்டு பேராகத் தூக்கி இறக்குங்கள். தண்ணீரை வடிக்க ரேடியேட்டரின் அடிக்குழாய் மட்டும் போதாது. எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள குழாயையும் திறக்க வேண்டும். அதில் உப்பு அடைத்திருந்தால் கம்பியால் குத்தினால் வந்துவிடும். ஆயிலையும் வடித்துவிட்டு ரேடியேட்டரை வெளியே எடுங்கள்.

அடுத்தது வயர்கள், குழாய்கள், கேபிள்கள். இந்தக் கட்டத்தில் எவ்வளவு மெதுவாகப் போனாலும் தகும். ஒவ்வொன்றையும் விடுவிக்கும் முன் கைபேசியில் படம் எடுத்து, இரு முனையிலும் காகித டேப் ஒட்டிப் பால்பாயிண்ட் பேனாவால் எண் எழுதுங்கள். கழற்றிய போல்ட்டை முடிந்தவரை அதே துளையிலேயே இரண்டு சுற்று திருகி வையுங்கள். பெல் ஹவுசிங் போல்ட்டுகள் ஒரே நீளமாக இருக்காது. ஒரு அட்டையில் வட்டம் வரைந்து, அந்தந்த இடத்தில் குத்தி வைப்பது நல்லது. பெட்ரோல் குழாயின் வாயை அடைத்துவிடுங்கள்.

கியர் பாக்ஸோடு சேர்த்து இறக்கலாமா என்று கேட்பார்கள். கியர் பாக்ஸில் கோளாறு இல்லையென்றால் எஞ்சினை மட்டும் இறக்குங்கள் என்பேன். ஸ்டியரிங்கில் இருந்து வரும் கியர் லிங்கேஜையும் புரொப்பெல்லர் ஷாஃப்டையும் தொட வேண்டியிருக்காது. ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி, கியர் பாக்ஸின் அடியில் பலகை வைத்து ஜாக்கியால் தாங்குங்கள். அதன் பிறகே பெல் ஹவுசிங் போல்ட்டுகளையும் முன்பக்க மவுண்டிங்குகளையும் விடுவிக்க வேண்டும்.

எஞ்சின் ஏறத்தாழ 150 கிலோ. செயின் பிளாக்கை மரக்கிளையிலோ ஓட்டு வீட்டு உத்தரத்திலோ கட்டாதீர்கள். இரும்பு முக்காலி வாடகைக்குக் கிடைக்கும். சங்கிலியை சிலிண்டர் ஹெட்டின் உறுதியான ஸ்டட்டுகளில் பிடிக்க வேண்டும், ராக்கர் மூடியிலோ மேனிஃபோல்டிலோ அல்ல. கொஞ்சம் தூக்கியதும் நிறுத்தி, ஏதாவது வயர் இழுபடுகிறதா என்று சுற்றிப் பாருங்கள். பிறகு எஞ்சினை நேராக முன்னால் இழுத்து, கியர் பாக்ஸ் ஷாஃப்ட் கிளட்ச்சிலிருந்து முழுதாக வெளிவந்த பின்பே மேலே ஏற்றுங்கள். அதற்கு முன் தூக்கினால் அத்தனை கனமும் கிளட்ச் பிளேட்டில் இறங்கி, பிளேட் வளைந்துவிடும். தொங்கும் எஞ்சினின் கீழே யாரும் கைகூட நீட்டக் கூடாது.

எஞ்சின் வெளியே இருக்கும்போதே கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் புஷ், மவுண்டிங் ரப்பர்களைப் பார்த்துவிடுங்கள். தேய்ந்திருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள்.

ஏற்றுவதில் கடினமான இடம் எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடம். பழைய கியர் பாக்ஸ் ஷாஃப்ட் ஒன்றைச் செருகி கிளட்ச் பிளேட்டை நடுவில் நிறுத்திய பிறகே பிரஷர் பிளேட்டை இறுக்குங்கள். வண்டியை டாப் கியரில் போட்டு, கைபிரேக்கையும் இழுத்துவிடுங்கள். எஞ்சினை இறக்கி நெருக்கியதும் இரண்டு முகங்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி மேலும் கீழும், இரு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஜாக்கியை ஏற்றி இறக்கிச் சரிசெய்யுங்கள். கிராங்க் புல்லியை மெதுவாகத் திருப்பினால் ஷாஃப்டின் பற்கள் பொருந்தி எஞ்சின் தானாகவே உள்ளே போகும். போகவில்லையென்றால் போல்ட்டை முறுக்கி இழுக்காதீர்கள்; ஹவுசிங் காது உடையும். எவ்வளவு நேரமானாலும் பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சரிபாருங்கள்.

எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையை மறந்தால் ஸ்டார்ட்டரின் மின்சாரம் சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகப் பாய்ந்து அவற்றைக் கருக்கிவிடும். பிளக் வயர்களை 1-3-4-2 என்ற வரிசையில், ரோட்டார் சுற்றும் எதிர்க்கடிகாரத் திசையில் மாட்டுங்கள்.

ஏறத்தாழ 4 லிட்டர் ஆயிலும் தண்ணீரும் ஊற்றி, பிளக்குகளைக் கழற்றிய நிலையில், ஆயில் அழுத்தம் காட்டும்வரை ஸ்டார்ட்டரால் விட்டுவிட்டுச் சுற்றுங்கள். பிறகு பிளக் போட்டுக் கிளப்பி, பெட்ரோல், தண்ணீர், ஆயில் கசிவைப் பாருங்கள். எஞ்சின் நன்றாகச் சூடேறி ஆறிய பிறகு மேனிஃபோல்ட் நட்டுகளையும் தண்ணீர் ஹோஸ் கிளிப்புகளையும் இன்னொரு முறை இறுக்கிவிட்டு, பானெட்டைப் பென்சில் கோட்டில் வைத்து மாட்டுங்கள்.