சூளை அனலும் சூரியக் கதிரும்

பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற நம் விருத்தாசலத்தில், சூளையருகே செல்பவர் அனல் பட்டதும் விலகிக்கொள்வர். சூரியனின் புற ஊதாக் கதிர்களோ அவ்வாறு எச்சரிப்பதில்லை. தோல் கன்றிச் சிவந்து எரிவது சில மணி நேரம் கழித்தே தெரியும்.

அமெரிக்காவில் 2015ஆம் ஆண்டு ஆய்வில், பெரியவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர், முந்தைய ஓராண்டில் தமக்குத் தோல் கன்றியதாகக் கூறினர். கடற்கரையில் மட்டுமன்று, வெளிவேலையிலும் வீட்டு முற்றத்திலும் இது நேர்கிறது.

நம் நிறத்திற்குக் காரணமான மெலனின் ஓரளவே காக்கும். கருந்தோலில் சிவப்பு எளிதில் தெரியாததால் எரிச்சலே அடையாளம். காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை கதிர்கள் கடுமையானவை. மேகமும் முழுதும் தடுக்காது.

தோழியரே, களையெடுக்கச் செல்லும் அன்னையிடம் சோற்றுத் தூக்கோடு ஒரு முழுக்கைச் சட்டையையும் கொடுத்தனுப்புவோம்!