பிள்ளைக்கு மட்டும் கேட்கும் குரல்

"டாக்டர், யாரோ காதில் பேசுவதாகப் பையன் சொல்கிறான். பைத்தியம் பிடித்துவிடுமா?" மனநல மருத்துவனான என்னிடம் பெற்றோர் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி இது.

நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73இல் பிறந்த 1,037 குழந்தைகளை ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். 11 வயதில் அவர்களிடம், "மற்றவர்களுக்குக் கேட்காத குரல் உனக்குக் கேட்கிறதா? உன் மனதில் உள்ளதை யாராவது படிக்கிறார்களா?" என்று கேட்டார்கள். 26 வயதில் மீண்டும் பரிசோதித்தார்கள். முடிவு 2000இல் வெளியானது. சிறுவயதில் இந்த அறிகுறிகள் வலுவாக இருந்தவர்களுக்கு மனச்சிதைவு வகை நோய் வரும் வாய்ப்பு சுமார் 16 மடங்கு அதிகம்.

ஆனாலும் பீதி வேண்டாம். அவர்களிலும் சுமார் நால்வரில் ஒருவருக்கே அந்நோய் வந்தது. லேசான அறிகுறிகள் பல குழந்தைகளுக்குத் தாமாகவே மறைந்துவிடும். குரல் அடிக்கடி கேட்டால், பயமுறுத்தினால், தூக்கமோ படிப்போ கெட்டால் தாமதிக்காதீர்கள்.

"கற்பனை" என்று அதட்டாதீர்கள், "என்ன சொல்கிறது?" என்று அமைதியாகக் கேளுங்கள். உறவினர் என்ன நினைப்பார்களோ என்று மறைக்காதீர்கள். வெளியூரில் இருந்தாலும் பிள்ளை தன் பயத்தை வீட்டு மொழியில்தான் முழுதாகச் சொல்லும். மருத்துவரிடம் கூடவே சென்று எடுத்துச் சொல்லுங்கள். அரசின் டெலி மானஸ் சேவையில், 14416 என்ற எண்ணில், தமிழிலும் பேசலாம்.