கர்ப்பிணிகளின் இரத்தக் குறைவும் இரும்புச் சத்து மாத்திரையும்



வரவு செலவுக் கணக்கு நமக்குத் தெரியாததன்று. கர்ப்பமுற்ற பெண்ணின் உடலில் நடப்பதும் ஒரு கணக்கே. அந்தப் பத்து மாதத்தில் அவளுக்குச் சுமார் 1,000 மில்லிகிராம் இரும்புச் சத்து வேண்டும். ஏறக்குறைய 300 குழந்தைக்கும் நஞ்சுக்கும் போகும். 500 அவளுடைய சொந்த இரத்தம் பெருகத் தேவைப்படும். மீதி அன்றாடக் கழிவில் போய்விடும். ஆக மொத்தம் ஒரே ஒரு கிராம்! அரிசி நிறுக்கும் தராசில் வைத்தால் முள் அசையாது. அந்த ஒரு கிராம் இல்லாமல்தான் எத்தனையோ பெண்கள் முகம் வெளுத்து, படியேற மூச்சு வாங்கி, தலை சுற்றிப் படுத்து விடுகிறார்கள்.

"பிள்ளை உண்டானால் அப்படித்தான்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது வழக்கம். அதைக் கேட்டுச் சும்மா இருந்துவிடலாகாது. பிரசவத்தில் இரத்தப்போக்கு ஏற்பட்டால், கையிருப்பு இல்லாத உடல் தாங்காது. குறைமாதப் பிரசவமும், எடை குறைந்த குழந்தையும் இத்தகைய தாய்மாருக்கே அதிகம்.

முதலில் செய்யவேண்டியது இரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் 100 மில்லி இரத்தத்தில் 11 கிராமுக்குக் கீழே போனால் இரத்தக் குறைவு என்பார்கள். நடு மூன்று மாதங்களில் 10.5 கிராம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தலசீமியா என்னும் பரம்பரைக் கோளாறும் உண்டு. அதிலும் இரத்தம் குறைந்தே காணும். ஆனால் இரும்பு கொடுத்து அது தீராது. ஆகவே மருந்துக் கடையில் தாமாக வாங்கிக் கொடுப்பது சரியன்று. எவ்வளவு, எத்தனை வேளை என்பதை டாக்டரே சொல்லட்டும்.

மாத்திரை வாங்கிக் கொடுத்ததோடு கணவன் கடமை முடிந்தது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். சோறு தின்ற கையோடு ஒரு குவளை தேத்தண்ணீர் குடிப்பது நம் வீடுகளில் தினசரி நடப்பது. தேயிலையின் துவர்ப்பு, சோற்றிலும் மாத்திரையிலும் உள்ள இரும்பைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாது. காப்பியும் அப்படியே. பாலும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் கூடத் தடைதான். இவற்றுக்கும் இரும்பு மாத்திரைக்கும் ஒன்றிரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மாறாக, எலுமிச்சைச் சாறோ கொய்யாப்பழமோ கூடச் சேர்ந்தால் இரும்பு நன்றாக ஏறும். இறைச்சி, மீன், கீரை, பருப்பு எல்லாம் நல்லவையே. ஈரலைக் கர்ப்ப காலத்தில் வாரம்தோறும் ஆக்கிப் போடவேண்டாம். அதிலுள்ள ஏ வைட்டமின் மிஞ்சினால் சிசுவுக்கு ஆகாது. குறைவு கண்டபின் உணவு மட்டும் போதாது, மாத்திரையும் வேண்டும்.

மலம் கறுத்துப் போகும், பயப்பட வேண்டாம். மலச்சிக்கல், குமட்டல் வந்தால் நிறுத்திவிடாமல் டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடச் சொல்வார். எதுவும் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஆஸ்பத்திரியில் நரம்பு வழியாக இரும்பு ஏற்றுவதும் உண்டு.

ரமலான் வந்ததும் மாத்திரையை மறந்துவிடுவோர் இருக்கிறார்கள். தீங்கு நேருமென அஞ்சும் கர்ப்பிணி நோன்பை விட்டுப் பின்னர் களாச் செய்ய மார்க்கம் இடந்தருகிறது. நோற்பவரும் நோன்பு திறந்தபின் சாப்பிடலாம். தேத்தண்ணீரைத்தான் தள்ளி வைக்கவேண்டும்.

சில வாரங்களில் முகத்தில் தெளிவு வந்துவிடும். அப்போது நிறுத்தினால் கல்லாவில் அன்றைய வரவு மட்டுமே இருக்கும், கையிருப்பு சேர்ந்திராது. பிரசவத்திற்குப் பின்னும் டாக்டர் சொல்லும் வரை தொடர்வதே முறை. ஒரு எச்சரிக்கை: மிட்டாய் போலிருக்கும் இம்மாத்திரைகளைச் சின்னப் பிள்ளைகள் நாலைந்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. எட்டாத இடத்தில், பூட்டி வையுங்கள்.